கல்லீரலுக்குப் பரவிய குடல் புற்றில் இ-கேடெரின் ஏன் குறையவில்லை?

நுண்ணோக்கி (கேள்வி)

வணக்கம். பெருங்குடல் புற்றின் முதன்மைக் கட்டியையும் அதே நோயாளியின் கல்லீரல் பரவலையும் ஜோடி ஜோடியாக பாரஃபின் பிளாக்குகளில் ஒப்பிட்டு வருகிறோம். பரவும் செல் எபிதீலியத் தன்மையை (ஒன்றோடொன்று ஒட்டி அடுக்காக நிற்பது) உதறிவிட்டு மீசென்கைமத் தன்மைக்கு (தனித்து நகர்வது) மாறும் (இஎம்டி) என்பது எல்லாரும் படித்ததுதான். அப்படியானால் கல்லீரலில் போய் உட்கார்ந்த செல்லில் இ-கேடெரின் (எபிதீலியச் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் புரதம்) இறங்கி, விமென்டின் (மீசென்கைமச் செல்லின் அடையாளப் புரதம்) ஏறியிருக்க வேண்டும்.

ஸ்லைடில் தெரிவது வேறு. கல்லீரல் கட்டியிலும் முதன்மைக் கட்டியில் பார்த்த அதே சுரப்பி வடிவம். இ-கேடெரின் செல் சவ்வு முழுக்க 3+ (மிக அடர்த்தியான நிறம்). புற்றுசெல்லில் விமென்டின் இல்லவே இல்லை. ஆனால் அதே திசுவை அரைத்து எடுத்த ஆர்என்ஏவில் விமென்டினும், இஎம்டியைத் தூண்டும் ஜெப்1-உம் நன்றாக ஏறியிருக்கின்றன. ஒப்பீட்டுக்காக வைத்த இரைப்பைப் புற்று ஒன்றில், ஓமெண்டத்துக்குப் (வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரை) பரவிய சிக்னெட் ரிங் செல்களில் (மியூசின் நிரம்பி மோதிரம் போலத் தெரிபவை), இ-கேடெரின் சுத்தமாக இல்லை.

இது ஆன்டிபாடிக் கோளாறா, உயிரியலே இப்படித்தானா? அடுத்த கட்டமாக எஸ்டபிள்யூ480, எஸ்டபிள்யூ620 என்ற குடல் புற்றுசெல் லைன்களை வைத்து டிரான்ஸ்வெல் (துளைச் சவ்வு வழியாகச் செல் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் சோதனை) செய்யும் எண்ணம் இருக்கிறது. அதில் எங்கே சறுக்கும் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

பாரஃபின்பெட்டி

முதலில் அதே ஸ்லைடில் உள்ள பித்தநாளத்தைப் பாருங்கள். அதன் சவ்வில் நிறம் தெளிவாக ஏறியிருந்தால் ஆன்டிபாடி வேலை செய்திருக்கிறது. ஹெபட்டோசைட்டை (கல்லீரல் செல்) அளவுகோலாக வைக்காதீர்கள். போர்ட்டல் பகுதியைச் சுற்றி அடர்த்தியாகவும் மையச் சிரை பக்கம் வெளிறியும் இருப்பது அதன் இயல்பு. அடுத்தது குளோன், அதாவது ஆன்டிபாடியின் வகை. ஹெச்இசிடி-1 இ-கேடெரினின் செல்லுக்கு வெளியே நீட்டியிருக்கும் பகுதியைப் பிடிக்கிறது. புரோட்டியேஸ்கள் அந்தப் பகுதியை வெட்டிவிட்டால் புரதம் பாதி இருந்தும் ஸ்லைடு வெறுமையாகத் தெரியும். குளோன் 36 உள்பக்க வாலைப் பிடிப்பது. இரண்டையும் அடுத்தடுத்த வெட்டுகளில் போட்டால் குழப்பம் தீரும். கல்லீரல் துண்டு பெரிதாக இருந்து, 5 முதல் 10 மில்லிமீட்டர் தடிமனுக்கு நறுக்காமல் ஃபார்மலினில் போட்டிருந்தால் நடுப்பகுதி சரியாகப் பதப்பட்டிருக்காது. அந்த இடத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இதெல்லாம் சரியாக இருந்தால் உங்கள் 3+ உண்மைதான், அதில் வியப்பு இல்லை. முதன்மைக் கட்டியில் எங்கே பார்த்தீர்கள் என்பதுதான் முக்கியமான கேள்வி. கட்டியின் நடுவில் பார்த்தால் சுரப்பி, சவ்வில் இ-கேடெரின், சவ்விலேயே பீட்டா-கேடெனின் (இ-கேடெரினின் உள்வாலைப் பிடிக்கும் புரதம்; உட்கருவுக்குள் போனால் மரபணுக்களை இயக்கும்). தசைக்குள் ஊடுருவும் விளிம்பில் அதே கட்டியின் செல்கள் ஒன்றிரண்டாகப் பிரிந்து நிற்கும். அங்கே பீட்டா-கேடெனின் உட்கருவுக்குள் போயிருக்கும். ஜெர்மனியின் தாமஸ் பிராப்லெட்ஸ் குழு 2001இல் காட்டியது இதைத்தான். கட்டியின் எல்லாச் செல்லிலும் ஏபிசி மரபணு (இயல்பில் பீட்டா-கேடெனினை அழிக்க உதவுவது) ஒரே மாதிரி உடைந்திருக்கிறது, ஆனாலும் பீட்டா-கேடெனின் உட்கருவில் சேர்வது விளிம்பில்தான். பரவிய இடத்திலும் நடுவில் சுரப்பி, ஓரத்தில் பிரிந்த செல் என்ற அதே படம் திரும்ப வருகிறது. நிரந்தர மியூட்டேஷனால் வந்த மாற்றமென்றால் இப்படித் திரும்ப வழியில்லை. சுற்றுப்புறத்திலிருந்து, குறிப்பாக ஃபைப்ரோபிளாஸ்ட் பக்கமிருந்து வரும் டிஜிஎஃப்-பீட்டா போன்ற சமிக்ஞை இருக்கும் வரை செல் அந்த நிலையில் நிற்கிறது. போனதும் மறுபடி எபிதீலியமாகிறது. கல்லீரலில் நீங்கள் பார்ப்பது குடியேறி, பெருகி, சுரப்பி கட்டி முடித்த செல்லை. பயணத்தின் நடுவில் அது எப்படி இருந்தது என்பது அந்த ஸ்லைடில் பதிவாகாது.

ஆகவே முதன்மைக் கட்டியின் விளிம்பில் மொட்டுகளை எண்ணுங்கள். ஒற்றைச் செல் அல்லது நான்கு செல் வரையிலான கொத்து ஒரு மொட்டு. ஐந்தும் அதற்கு மேலும் சுரப்பியில்லாமல் சேர்ந்து நின்றால் அது வேறு கணக்கு. 2016இல் ஏற்ற சர்வதேச முறைப்படி, 10 மடங்கு ஆப்ஜெக்டிவில் விளிம்பு முழுக்க 10 புலங்களைப் பார்த்து, மொட்டு அதிகமுள்ள இடத்தைத் தேர்ந்து, 20 மடங்கில் எண்ண வேண்டும். அளவுப் பரப்பு 0.785 சதுர மில்லிமீட்டர். ஐபீஸின் புல எண் 20 என்றால் பார்ப்பது சரியாக அந்தப் பரப்புதான். 22 என்றால் எண்ணியதை 1.21ஆல் வகுக்க வேண்டும். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள், அதில் ஒரு கிரேடே மாறிப்போகும். 0–4 குறைவு, 5–9 நடுத்தரம், 10உம் அதற்கு மேலும் அதிகம். எண்ணுவது ஹெமடாக்ஸிலின்-இயோசின் ஸ்லைடில்தான். கெரட்டின் சாயத்தில் எண்ணினால் தொகை பல மடங்கு கூடும். அழற்சியில் உடைந்த சுரப்பித் துண்டும், மியூசின் குளத்தில் மிதக்கும் செல்லும் மொட்டு ஆகாது.

ஆர்என்ஏ முரண்பாட்டுக்கு விடை எளிது: அந்த விமென்டின் புற்றுசெல்லுடையது அல்ல. 2015இல் வந்த இரண்டு ஆய்வுகள் (காலோன் குழு, இசெல்லா குழு) இந்த மீசென்கைமக் கையெழுத்தின் பெரும்பகுதி ஸ்ட்ரோமாவிலிருந்து (புற்றுசெல்லைச் சுற்றியுள்ள துணைத் திசு) வருகிறது என்று நிறுவின. இசெல்லா குழு கையாண்ட உத்தி அழகானது: மனிதக் கட்டியை எலியில் வளர்த்தால் ஸ்ட்ரோமா எலியுடையதாகிவிடும், பிறகு மனித வரிசை எது, எலி வரிசை எது என்று பிரித்துவிடலாம். உங்களிடம் இருப்பது பாரஃபின் என்பதால், லேசர் நுண்வெட்டு செய்யுங்கள். முடியாவிட்டால் கெரட்டினும் ஜெப்1-உம் இரட்டைச் சாயமாகப் போட்டு, கெரட்டின் உள்ள செல்லின் உட்கருவில் ஜெப்1 இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இரைப்பை சிக்னெட் ரிங் கதையே தனி. லாரன் 1965இல் பிரித்த டிஃப்யூஸ் (சிதறிப் பரவும்) வகையில் பெரும்பாலும் இ-கேடெரினை உருவாக்கும் சிடிஹெச்1 மரபணுவே மியூட்டேஷனாலோ புரோமோட்டர் மெத்திலேஷனாலோ அடைபட்டிருக்கும். நியூசிலாந்தின் மாவோரிக் குடும்பம் ஒன்றில் இதன் பரம்பரை வடிவம் 1998இல் கண்டறியப்பட்டது. மரபணுவே உடைந்தபின் அது எங்கே போய் இறங்கினாலும் சுரப்பி கட்ட முடியாது. அதற்காக அதை இஎம்டி என்று எழுதிவிடாதீர்கள். அந்தச் செல்லில் கெரட்டின் அப்படியே இருக்கும். ஒட்டுப்புரதம் போனதால் மட்டும் ஒரு செல் மீசென்கைமம் ஆகிவிடாது.

பெட்ரிதட்டு

செல் லைன் பத்தி மட்டும் சொல்றேன்.

480-உம் 620-உம் ஒரே நோயாளிகிட்ட எடுத்தது. முதல்ல குடல் கட்டி, அப்புறம் நோய் திரும்பினப்ப நிணநீர் முடிச்சு. லைபோவிட்ஸ் 1976ல வெளியிட்டார். ரெண்டுலயும் கே-ராஸ் ஜி12வி, டிபி53 ஆர்273ஹெச், ஒரே ஏபிசி வெட்டு. அதுதான் இந்த ஜோடியோட பலம். பலவீனமும் அதுலயேதான் இருக்கு: எஸ்டிஆர் பரிசோதனை (செல் யாரோடதுன்னு காட்டற டிஎன்ஏ அடையாளம்) பண்ணினா 80 சதவீதப் பொருத்த விதிப்படி ரெண்டும் ஒரே ஆள்னுதான் வரும். ஒண்ணு இன்னொண்ணோட கலந்துபோனா சான்றிதழைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறது கஷ்டம். ஒரே நாள்ல ரெண்டையும் பாஸேஜ் பண்ணாதீங்க, மீடியம் பாட்டிலைப் பகிராதீங்க.

மீடியம் எல்-15னா சிஓ2 இன்குபேட்டர்ல திறந்த மூடியோட வைக்கக்கூடாது. அதுல பைகார்பனேட் கிடையாது, பாஸ்பேட்டும் அமினோ அமிலமும்தான் பஃபர். 5 சதவீத சிஓ2 பட்டா மீடியம் மஞ்சளாகி செல் திணறும். காற்று மட்டும் உள்ள இன்குபேட்டர் இல்லைன்னா மூடியை இறுக்கி வைங்க. பல ஆய்வகத்துல ஆர்பிஎம்ஐ, டிஎம்இஎம்முக்குப் படிப்படியா பழக்கி வெச்சிருக்காங்க. எதுல வளர்த்தாலும் ரெண்டு லைனும் ஒரே மீடியத்துல இருக்கணும்.

டிரான்ஸ்வெல்: 24 குழித் தட்டு, 8 மைக்ரான் துளை. மெட்ரிஜெல்லை (திசுச் சட்டகம் மாதிரியான ஜெல்) முந்தின நாள் ராத்திரியே ஃபிரிட்ஜுக்குள்ள ஐஸ்ல வெச்சு உருக்குங்க. 10 டிகிரி தாண்டினா உறைய ஆரம்பிச்சிடும், அதனால டிப், ட்யூப் எல்லாம் முன்கூட்டியே குளிர வெக்கணும். சீரம் இல்லாத குளிர்ந்த மீடியத்துல ஒரு மில்லிக்கு 200–300 மைக்ரோகிராம் வர்ற மாதிரி நீர்த்து, இன்சர்ட்டுக்கு 100 மைக்ரோலிட்டர், 37 டிகிரியில 2 மணி நேரம். புட்டியில அச்சடிச்சிருக்கிற புரத அளவு லாட்டுக்கு லாட் மாறும். '1:8' மாதிரி விகிதத்தைக் காப்பியடிக்காம மைக்ரோகிராம்ல கணக்குப் போடுங்க. மேலே சீரமில்லாத மீடியத்துல 50,000 செல், கீழே 10 சதவீத சீரத்தோட 600 மைக்ரோலிட்டர். இன்சர்ட்டைச் சாய்ச்சு இறக்கணும். அடியில குமிழி நின்னா அந்த வட்டத்துல ஒரு செல்கூட இறங்காது.

இந்த ஜோடிக்கே உரிய மூணு சிக்கல்:

620 தட்டுல இறுக்கமா ஒட்டாது. துளை வழியா இறங்கினதுல கொஞ்சம் சவ்வோட அடியில நிக்காம கீழ்க்குழிக்குள்ளேயே விழுந்துடும். கிரிஸ்டல் வயலட் போட்டுச் சவ்வை மட்டும் எண்ணினா 620 மந்தமான செல்னு தப்பா முடிவு வரும். கீழ்க்குழி மீடியத்தையும் சுழற்றி எடுத்து எண்ணுங்க.

620 கொத்து கொத்தா வளரும். 40 மைக்ரான் வடிகட்டி வழியா விடாம எண்ணினா எண்ணிக்கை பொய்.

செல்லைப் பிரிக்க டிரிப்சின்-இடிடிஏ போட்டுட்டு உடனே ஃப்ளோ சைட்டோமெட்ரியில இ-கேடெரின் பார்க்காதீங்க. கால்சியம் இருக்கிற வரைக்கும் டிரிப்சின் அதை வெட்டாது. இடிடிஏ கால்சியத்தைப் பிடிச்சதும் வெட்டித் தள்ளிடும். அப்புறம் ரெண்டு லைன்லயும் 'இழந்திருக்கு'ன்னு வரும். என்சைம் இல்லாத பிரிப்பான் வாங்குங்க.

கன்ட்ரோல் ரெண்டு வேணும்: மெட்ரிஜெல் பூசாத இன்சர்ட், அதே நேரத்துக்கு அதே சீரத்துல பெருக்கம் பார்க்கிற தட்டு. 48 மணி நேரம் ஓட்டினா செல் ரெண்டு மடங்காகறதையே ஊடுருவல்னு எண்ணிடுவோம்.

இன்னொண்ணு. டிரான்ஸ்வெல் அளக்கிறது ஒரே ஒரு படியை. ஒட்டிடமில்லாம மிதக்கும்போது சாகாம இருக்கிறதா, அதாவது அனோய்கிஸைத் தாங்குறதா, அதைப் பார்க்க செல் ஒட்டாத தட்டுல 24 முதல் 72 மணி நேரம் வெச்சு அனெக்சின் (சாகிற செல்லைக் காட்டறது) போடணும். குடியேற்றத்தைப் பார்க்க எலியில மண்ணீரல் ஊசி. வால் சிரையில போட்டா முதல் தந்துகி வலை நுரையீரல்ல இருக்கு, செல் அங்கேயே சிக்கிடும். குடல்-கல்லீரல் வழிக்கு அது பொருந்தாது.

வாயில்சிரை

மேலே சொன்னதோடு ஒரு விஷயம் சேர வேண்டும்: எல்லாக் கல்லீரல் பரவலையும் ஒரே குவியலாக வைத்துச் சராசரி எடுக்காதீர்கள். கட்டியும் கல்லீரலும் சந்திக்கும் எல்லையை ஹெமடாக்ஸிலின்-இயோசினில் பார்த்தாலே பெரும்பாலும் இரண்டு விதம் தெரியும்.

ஒன்று டெஸ்மோபிளாஸ்டிக். கட்டிக்கும் ஹெபட்டோசைட்டுக்கும் நடுவில் நார்த்திசுப் பட்டை, அதில் லிம்ஃபோசைட் கூட்டம், உள்ளே ஒழுங்கான சுரப்பி. மற்றது ரீபிளேஸ்மென்ட். இங்கே புற்றுசெல் ஹெபட்டோசைட் வரிசைக்குள்ளேயே நுழைந்து, ஒவ்வொரு ஹெபட்டோசைட்டாக அப்புறப்படுத்திவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. ரெட்டிகுலின் சட்டகமும் சைனுசாய்டும் கலையாமல் இருக்கும். ரத்தத்துக்குப் புதுக்குழாய் கட்ட வேண்டியதில்லை, இருப்பதையே எடுத்துக்கொள்கிறது. ரீபிளேஸ்மென்ட் வகைக்கு பெவாசிசுமாப் (புது ரத்தக் குழாய் உருவாவதைத் தடுக்கும் மருந்து) சரியாகப் பிடிக்காததற்குக் காரணம் இதுதான் என்று 2016இல் ஃப்ரென்ட்சாஸ் குழு காட்டியது. மூன்றாவதாகத் தள்ளும் வகையும் உண்டு, அபூர்வம்.

எல்லை முழுவதிலும் எத்தனை சதவீதம் எந்த வகை என்று எழுதிக்கொண்டு, அதன்பின் இ-கேடெரினை வகைவாரியாகப் பாருங்கள். ரீபிளேஸ்மென்ட் பகுதியில் உங்கள் 3+ அப்படியே நிற்கிறதா என்பதுதான் சுவாரசியமான கேள்வி. ஆபரேஷனுக்கு முன் கீமோ போட்ட நோயாளிகளைத் தனியாக வையுங்கள். மருந்தே எல்லையின் தோற்றத்தை மாற்றிவிடும்.

எங்கே போகும் என்பதில் குழாய் அமைப்புக்கும் பங்குண்டு. குடலின் ரத்தம் போர்ட்டல் சிரை வழியாக நேரே கல்லீரலுக்குப் போகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதி மட்டும் இடுப்புச் சிரைகள் வழியாகக் கீழ்ப் பெருஞ்சிரையில் சேர்வதால், அங்கே தோன்றும் புற்று கல்லீரலைத் தாண்டி நுரையீரலில் முதலில் தென்படுவது அதிகம். ஆனால் குழாய் மட்டும் எல்லாவற்றையும் விளக்காது. பிராஃப் வி600ஈ மியூட்டேஷன் உள்ள குடல் புற்று பெரிட்டோனியத்தையும் தூரத்து நிணநீர் முடிச்சுகளையும் நாடுவது வழக்கத்தைவிட அதிகம். ரத்தக் குழாய் எல்லாருக்கும் ஒன்றுதான்.

பெரிட்டோனியத்துக்குப் போகும் இரைப்பைப் புற்றுக்கு ரத்த ஓட்டமே தேவையில்லை. சுவரைத் துளைத்து உதிர்ந்து, ஓமெண்டத்தின் பால்புள்ளிகளில் (நோயெதிர்ப்புச் செல் கூட்டங்கள்) ஒட்டுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாமல் கழுவுநீரில் மட்டும் செல் கிடைத்தாலும் அது நான்காம் நிலைதான். அங்கே வழக்கமாக ஏமாற்றுவது சீண்டப்பட்ட மீசோதீலியச் செல் (வயிற்று உறையின் மேற்பரப்புச் செல்). பெர்-இபி4, கால்ரெட்டினின் இரண்டையும் சேர்த்துப் போட்டால் பெரும்பாலும் பிரிந்துவிடும்: முன்னது புற்றில், பின்னது மீசோதீலியத்தில்.

நுண்ணோக்கி

அனைவருக்கும் நன்றி. மையம், விளிம்பு என்று பிரிக்காமல் திசு மைக்ரோஅரேக்கான (பல கட்டிகளை ஒரே பிளாக்கில் அடுக்குவது) சிறு உருளைத் துண்டுகளை மையத்திலிருந்தே எடுத்திருக்கிறோம். முழு வெட்டு மறுபடி போட வேண்டும். இரண்டு துணைக் கேள்விகள். பயணத்தின் நடுவில் இருக்கும் செல்லைப் பிடிக்க ரத்தம் எடுத்தால் போதுமா? பரவலுக்கென்றே தனி மியூட்டேஷன் தேட எக்ஸோம் வரிசைப்படுத்தல் (புரதம் உருவாக்கும் மரபணுப் பகுதிகளைப் படிப்பது) செய்வது பயன் தருமா?

வரிசைப்படி

ரத்தம்: செல்சர்ச் கருவி 7.5 மில்லி ரத்தத்தில் எப்கேம் ஆன்டிபாடி கட்டிய காந்தத் துகளால் செல்லைப் பிடிக்கிறது. பிறகு கெரட்டின் இருக்க வேண்டும், உட்கரு தெரிய வேண்டும், சிடி45 (வெள்ளணு அடையாளம்) இருக்கக் கூடாது. பரவிய குடல் புற்றில் 3 அல்லது அதற்கு மேல் கிடைத்தால் முன்கணிப்பு மோசம். மார்பகப் புற்றில் இந்த எல்லை 5. கவனித்தீர்களா, பிடிக்கும் கொக்கியே எபிதீலியப் புரதம். இஎம்டியில் ஆழமாகப் போய் எப்கேமைக் குறைத்துக்கொண்ட செல் வடிகட்டியில் தப்பிவிடும். நீங்கள் தேடுவது அந்தச் செல்லைத்தான். அளவு அல்லது உருமாறும் தன்மையை வைத்துப் பிரிக்கும் முறைக்குப் போங்கள். கைச் சிரை ரத்தத்தில் குறைவாகவே கிடைக்கும், ஏனென்றால் கல்லீரல் ஏற்கெனவே வடிகட்டிவிடுகிறது. அறுவையின்போது போர்ட்டல் ரத்தம் எடுக்க அனுமதி இருந்தால் அது மேல்.

எக்ஸோம்: பரவலுக்கென்று தனி மரபணுவைத் தேடினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். ஏபிசி, கே-ராஸ், டிபி53 போன்ற முக்கிய மாற்றங்கள் முதன்மைக் கட்டியிலேயே முடிந்துவிடுகின்றன. கே-ராஸ் நிலை முதன்மையிலும் பரவலிலும் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒத்துப்போகும். எந்தப் பிளாக் நன்றாக இருக்கிறதோ அதில் பார்த்தால் போதும். இரைப்பையில் ஹெர்2 அப்படியில்லை. ஒரே கட்டிக்குள்ளேயே திட்டுத்திட்டாக இருக்கும், பரவலில் மறுபடி பார்ப்பது நல்லது.

பெட்ரிதட்டு சொன்னதில் ஒரு இடத்தில் மாறுபடுகிறேன். 620 நிணநீர் முடிச்சிலிருந்து வந்தது. நக்ஸெரோவா குழு 2017இல் குடல் புற்று நோயாளிகளின் கட்டிகளை வம்சாவளி போட்டுப் பார்த்தபோது, 65 சதவீதத்தினரில் முடிச்சில் இருந்ததும் தூர உறுப்பில் இருந்ததும் முதன்மைக் கட்டியின் வெவ்வேறு கிளைகளிலிருந்து தனித்தனியாகக் கிளம்பியவை. ஆக 480–620 வித்தியாசத்தை எடுத்துக் கல்லீரல் பரவலின் விளக்கமாக எழுதினால் மதிப்பீட்டாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாக இருக்கும். கல்லீரல் துண்டிலிருந்தே ஆர்கனாய்டு (தட்டில் வளரும் குட்டித் திசு) வளர்க்க முடிந்தால் அதுவே சரியான ஜோடி.

மரபணுவைவிட நிலையைத் தேடுங்கள். எல்1கேம் (செல்களை ஒட்டும் இன்னொரு புரதம்) போட்டுப் பார்க்கலாம். கணேஷ், மாசாகே குழு 2020இல் காட்டியபடி, செல்கள் இ-கேடெரின் வழியாகப் பிடித்திருந்த பிடி விட்டதும் எல்1கேம் கிளம்புகிறது. சாதாரண குடலில் புண் ஆறும்போது வருவதும் அதுதான். அடினோமா தொடங்க அது தேவையில்லை, பரவிய இடத்தில் மறுபடி முளைக்கத் தேவை. உங்கள் 3+ சுரப்பிகளுக்கு நடுவே, விளிம்பில், இ-கேடெரின் மெலிந்து எல்1கேம் ஏறிய சிலவற்றைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

பெட்ரிதட்டு

நிணநீர் முடிச்சு விஷயம் சரிதான், ஏத்துக்கிறேன். ஆனா ஆர்கனாய்டுல தொடங்கினா நொகின், ஈஜிஎஃப்ங்கிற வளர்ச்சிப் புரதங்கள் மட்டுமே பட்ஜெட்டைத் தின்னும். முறையைப் பழகிக்க 480–620, முடிவு எழுத ஆர்கனாய்டுன்னு வெச்சுக்கலாம். கல்லீரல் துண்டுல வளர்க்கும்போது ஆர்-ஸ்பாண்டின், டபிள்யூஎன்டிங்கிற வளர்ச்சிப் புரதம் ரெண்டையும் விட்டுடுங்க. ஏபிசி உடைஞ்ச செல் அது இல்லாமலே வளரும், கூட வந்த சாதாரண பித்தநாளச் செல் பின்தங்கிடும். பிரிச்ச முதல் ரெண்டு நாள் ஒய்-27632 (ராக் என்சைம் தடுப்பான்) 10 மைக்ரோமோலார் போடலைன்னா ஒற்றைச் செல் எல்லாம் அனோய்கிஸ்ல போயிடும்.

பாரஃபின்பெட்டி

எல்1கேம் போடுவதானால் முதன்மைக் கட்டியின் வெட்டில் தசை அடுக்கும் சேர்ந்து வரும்படி பிளாக் தேர்ந்தெடுங்கள். நரம்பு இழைகளில் அது இயல்பாகவே நன்றாக நிறமேறும். தசைக்கு நடுவிலுள்ள நரம்புப் பின்னல்தான் உங்கள் பாசிட்டிவ் கன்ட்ரோல். அது வெளிறியிருந்தால் அந்த ஸ்லைடின் புற்றுசெல்லைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம், ஆன்டிஜென் மீட்பை பிஹெச் 6 சிட்ரேட்டிலிருந்து பிஹெச் 9க்கு மாற்றி மறுபடி போடுங்கள். நரம்பைச் சுற்றி ஊர்ந்திருக்கும் புற்றுசெல்லை எண்ணும்போது கெரட்டின் இரட்டைச் சாயம் கட்டாயம் வேண்டும், இல்லையென்றால் நரம்பின் நிறத்தையே புற்றின் கணக்கில் எழுதிவிடுவோம்.